எடின்பரோவின் இரண்டு செயின்ட் ஜார்ஜ்கள்

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் 1843ஆம் ஆண்டுப் பிளவை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெரிய அமைப்புகளை எதிரெதிரே நிறுத்துவார்கள். அரசின் அங்கீகாரத்தோடு நிலைத்த பழைய திருச்சபை ஒரு பக்கம், அதை உதறிவிட்டு வெளியேறிய ஃப்ரீ சர்ச் மறுபக்கம். அப்படி நிறுத்தினால் கொள்கைகள் துலக்கமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தெருவில் திரும்புவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்த சபையார் தெரியமாட்டார்கள். அவர்களைப் பார்க்க ஒரே ஒரு சபையை எடுத்துக்கொண்டால் போதும். எடின்பரோ புதுநகரின் மேற்கு முனையில், சார்லட் சதுக்கத்தில் கூடிய செயின்ட் ஜார்ஜ் சபை 1843 மே மாதத்தில் இரண்டானது. தங்கியவர்கள் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. போனவர்களும் பெயரை விட்டுப் போகவில்லை. ஐந்தாறு நிமிட நடைத் தொலைவில் இரண்டு செயின்ட் ஜார்ஜ் சபைகள், இரண்டும் பிரஸ்பிட்டேரியன், இரண்டிலும் ஒரே சங்கீதங்கள், ஒரே விசுவாச அறிக்கை. இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஜேம்ஸ் கிரெய்க் 1767இல் வரைந்த புதுநகரத் திட்டத்தில் ஜார்ஜ் தெருவின் கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் ஒவ்வொரு சதுக்கம். ஒவ்வொன்றிலும் தெருவை நேராகப் பார்த்தபடி ஓர் ஆலயம். கிழக்கே ஸ்காட்லாந்தின் காவல் புனிதர் ஆண்ட்ரூ, மேற்கே இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜ். 1707இல் இணைந்த இரு நாடுகளைத் தெருவிலேயே எழுதிவைக்கும் எண்ணம். கிழக்கே அது உடனே பிசகியது. சர் லாரன்ஸ் டண்டாஸ் என்ற செல்வந்தர் ஆலயத்துக்கு ஒதுக்கிய மனையைத் தனக்கு வாங்கி அங்கே மாளிகை கட்டிக்கொண்டார். செயின்ட் ஆண்ட்ரூ ஆலயம் தெருவோரத்துக்கு ஒதுங்கி, 1784இல், முட்டைவடிவக் கூடத்தோடு எழுந்தது. மேற்கே ராபர்ட் ஆடம் வரைந்த திட்டம் செலவு கூடுதல் என்று கைவிடப்பட்டு, ராபர்ட் ரீட் கட்டிய குவிமாட ஆலயம் 1814இல்தான் திறந்தது. வரைபடத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டிய இரண்டு ஆலயங்கள் நேரில் அப்படிப் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் செயின்ட் ஜார்ஜ் சபையின் கதை முழுவதும் இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவிலேயே நடந்து முடிகிறது.

இணைப்பைக் கொண்டாடிய அதே தெருவில்தான் பிளவும் நடந்தது. அதன் வித்தும் அந்த இணைப்பிலேயே இருந்தது. இணைந்த நாடாளுமன்றம் 1712இல் ஒரு சட்டம் போட்டு, சபைக்குப் போதகரை முன்மொழியும் உரிமையை நிலக்கிழார்களுக்கும் மற்றப் புரவலர்களுக்கும் திருப்பிக் கொடுத்தது. சபை விரும்பாத போதகர் சபையின் தலையில் கட்டப்பட்டார். 1834இல் திருச்சபையின் பொதுப் பேரவை, குடும்பத் தலைவர்களில் பெரும்பாலோர் மறுத்தால் அந்த நியமனம் செல்லாது என்று விதி செய்தது. ஆக்டரார்டர் ஊர் வழக்கில் நீதிமன்றங்கள் அந்த விதியே செல்லாது என்றன. கிறிஸ்துவின் சபையில் கடைசிச் சொல் யாருடையது என்ற கேள்வி இப்படித்தான் வழக்குக் கட்டுகளின் வழியாகச் சந்திக்கு வந்தது.

செயின்ட் ஜார்ஜ் சபையின் போதகர் ராபர்ட் கேண்ட்லிஷ் அந்தப் போராட்டத்தின் முன்னணித் தலைவர். இதில் ஒரு சுவையான முரண் உண்டு. எடின்பரோ நகரச் சபைகளுக்கு எந்தப் பிரபுவும் புரவலர் அல்ல. நகராட்சி மன்றமே புரவலர். 1834இல் கேண்ட்லிஷ் அந்தப் பீடத்துக்கு வந்ததும் அந்த ஏற்பாட்டின் வழியாகத்தான். எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாரோ அந்த வாசலையே எதிர்த்து வெளியே போனார். அவரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல போதகர் கிடைத்தது புரவலரின் தயவால் என்றால், நாளை மோசமான போதகர் வருவதும் அதே தயவால்தான் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

1843 மே 18 அன்று பொதுப் பேரவை கூடிய இடம் ஜார்ஜ் தெருவின் செயின்ட் ஆண்ட்ரூ ஆலயம். பேரவைத் தலைவரான மாடரேட்டர் டேவிட் வெல்ஷ் கண்டன அறிக்கையை வாசித்து, மேசைமேல் வைத்து, அரசப் பிரதிநிதிக்குத் தலைவணங்கி வெளியே நடந்தார். வெளியேறியவர்களின் மூத்த தலைவர் தாமஸ் சால்மர்ஸ் பின்தொடர்ந்தார், வரிசை நீண்டது. தெருவில் கூடியிருந்த கூட்டத்தின் ஊடே சரிவில் இறங்கி, கேனன்மில்ஸ் பகுதியின் டான்ஃபீல்ட் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 1200 போதகர்களில் கடைசியில் 474 பேர் பதவியையும் சம்பளத்தையும் போதகர் இல்லத்தையும் துறந்து கையெழுத்திட்டார்கள். டேவிட் ஆக்டேவியஸ் ஹில் அந்தக் கையெழுத்துக் காட்சியை ஓவியமாக்கத் தொடங்கி, முகங்களைப் பிடிக்க அன்றைய புதுக் கலையான புகைப்படத்தைத் துணைக்கு அழைத்து, 1866இல்தான் முடித்தார். பிளவுகளுக்கு ஓவியர்கள் கிடைக்கிறார்கள். இணைப்புகளுக்குக் கிடைப்பவர்கள் சொத்துக் கணக்கு எழுதுகிறவர்கள்.

இனி இரண்டு பக்கமும் கையில் வைத்திருந்தது என்ன என்று பார்க்கலாம். நம் ஊர்ப் பாகப்பிரிவினையில் வீட்டையும் தோப்பையும் கூறு போட்டாவது கொடுப்பார்கள். இங்கே அதுகூட இல்லை. தங்கியவர்களிடம் குவிமாடம், மணி, சட்டப்படியான பெயர், வருமானம் எல்லாம் நின்றன; கூட்டம் போய்விட்டது. போனவர்களிடம் கூட்டமும் போதகரும் இருந்தார்கள். உட்கார இடம் இல்லை. பிளவு வரும் என்று முன்கூட்டியே கணித்து லோதியன் சாலைப் பக்கம் செங்கல்லால் அவசரமாக எழுப்பிய கூடம்தான் ஃப்ரீ செயின்ட் ஜார்ஜின் முதல் முகவரி.

வருமானத்தில் இருந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. பழைய செயின்ட் ஜார்ஜ் போன்ற நகரச் சபைகளின் போதகர்களுக்குச் சம்பளம், எடின்பரோவில் வீட்டுக்கும் கடைக்கும் விதித்த ‘ஆன்யூட்டி’ வரியிலிருந்து வந்தது. வேறு சபைக்குப் போகிறவரும் அதைக் கட்டியாக வேண்டும். கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. நீதிமன்றங்களைச் சார்ந்த வழக்கறிஞர்களுக்கு மட்டும் விலக்கு. புதுநகரின் பெரிய வீடுகளில் வழக்கறிஞர்கள் நிறைந்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த வரி ஏன் அத்தனை வெறுப்பைச் சம்பாதித்தது என்பது விளங்கும். ஃப்ரீ சர்ச்சில் சால்மர்ஸ் ஏற்படுத்திய பராமரிப்பு நிதி இதற்கு நேர் எதிர்த் தத்துவம். எல்லாச் சபைகளும் வாராந்தரக் காணிக்கையை ஒரு பொதுப் பெட்டியில் சேர்க்க, அதிலிருந்து எல்லாப் போதகர்களுக்கும் சமபங்கு. எடின்பரோ வணிகர்களும் வழக்கறிஞர்களும் ஃப்ரீ செயின்ட் ஜார்ஜில் கொடுத்த பணம் ஹைலேண்ட்ஸ் மலையோர ஏழைச் சபைகளுக்குப் போனது. ஒரு பக்கம் வேண்டாதவரிடமும் வாங்கி அருகிலிருப்பவருக்குக் கொடுத்தது. மறுபக்கம் வேண்டுமென்றே கொடுப்பவரிடம் வாங்கித் தூரத்திலிருப்பவருக்குக் கொடுத்தது. இந்த ஓர் ஒப்பீட்டில் எனக்கு நடுநிலை காப்பது கடினம். ஆன்யூட்டி வரியை ஒழிக்க 1860இல் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. பராமரிப்பு நிதியை யாரும் ஒழிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தராசு உடனே மறுபக்கம் சாய்கிறது. பிளவுக்கு முந்தைய செயின்ட் ஜார்ஜில் கேண்ட்லிஷுக்கு முன்னால் பெரும் புகழோடு இருந்தவர் ஆண்ட்ரூ தாம்சன். 1830இல் அவர் எடின்பரோவில் மேடையேறி, அடிமை முறையைப் படிப்படியாக அல்ல, உடனே ஒழிக்க வேண்டும் என்று முழங்கினார். மறு ஆண்டே இறந்தார். அந்த மரபை யார் எடுத்துச் சென்றார்கள்? தாம்சனை விரும்பிக் கேட்ட சபையாரின் பெரும் பகுதி ஃப்ரீ செயின்ட் ஜார்ஜில் அமர்ந்திருந்தது. அதே ஃப்ரீ சர்ச், புதுக் கட்டடங்களுக்குப் பணம் திரட்ட அமெரிக்காவுக்குத் தூதர்களை அனுப்பி, அடிமைகளை வைத்திருந்த தென்மாநிலச் சபையாரின் காணிக்கையும் சேர்த்துச் சுமார் 3000 பவுண்டு கொண்டுவந்தது. 1846இல், அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ் எடின்பரோவுக்கே வந்து, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். அடிமை முறை பாவம் என்பதைக் கேண்ட்லிஷ் மறுக்கவில்லை. அதற்காக அமெரிக்கச் சபைகளோடு உறவை முறிக்க முடியாது என்று பேரவையில் வாதிட்டார். பணம் திரும்பப் போகவில்லை. வரியின் அழுக்கிலிருந்து தப்பியவர்களுக்குக் காணிக்கையிலும் அழுக்கு இருக்கலாம் என்பது உறைக்க மறுத்தது.

இந்தப் பிளவு கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. எழும்பூரில் 1821இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் பழைய திருச்சபையோடு நின்றது. 1837இல் பள்ளி தொடங்கி நடத்திவந்த மிஷனரி ஜான் ஆண்டர்சனும் அவரது தோழர்களும் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார்கள். அந்தப் பள்ளியே பின்னர் வில்லியம் மில்லர் கையில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் சர்ச் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்காட்லாந்து ஊர்களில் போதகரை யார் நியமிப்பது என்ற சண்டை, புரவலரே இல்லாத சென்னையில் இரண்டு சபைகளைத் தனித்தனியே நிறுத்தியது. பிளவுக்குக் காரணம் தேவைப்பட்ட இடம் ஒன்று, பிளவு போய்ச் சேர்ந்த இடங்கள் பல.

எடின்பரோவுக்குத் திரும்புவோம். கட்டட விஷயத்தில் இரண்டு செயின்ட் ஜார்ஜ்களும் முதலில் எதிர்த்திசைகளில் ஓடி, பிறகு ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. ஃப்ரீ செயின்ட் ஜார்ஜ் லோதியன் சாலையில் நிரந்தர ஆலயம் கட்டிக் குடியேறியபின், 1860களில் கலிடோனியன் ரயில்வே கம்பெனி நிலையம் கட்ட அந்த மனையை வாங்கியது. அந்தப் பணத்தின் பலத்தில் சபை ஷாண்ட்விக் பிளேஸில் கட்டடக்கலைஞர் டேவிட் பிரைஸைக் கொண்டு 1869இல் ஒரு பெரிய ஆலயத்தை முடித்தது. அதன் மணிக்கோபுரத்தைப் பத்தாண்டு கழித்து ரோவண்ட் ஆண்டர்சன் வடிவமைத்தார். முன்மாதிரி, வெனிஸ் நகரின் சான் ஜார்ஜியோ மஜோரே. கத்தோலிக்கத் துறவிகளின் மடத்து ஆலயக் கோபுரம், அதுவும் புனித ஜார்ஜின் பெயரைத் தாங்கியது, ஸ்காட்லாந்தின் கறாரான பிரிவினைவாதிகளுக்குப் பிடித்துப்போனது. கூரையில்லாமல் வெளியேறிய சபை நாற்பது ஆண்டுக்குள் தாய்வீட்டின் குவிமாடத்தோடு வானில் போட்டி போட்டது.

போட்டி என்றேன், அந்தச் சொல் அலெக்சாண்டர் வைட்டுக்குப் பொருந்தாது. செருப்புத் தைக்கும் தொழில் பழகிய கிரிமூர் ஊர்ப் பையனாகத் தொடங்கியவர். 1870 முதல் 1916 வரை ஃப்ரீ செயின்ட் ஜார்ஜின் பீடத்தில் நின்றார். அவிலா நகரத் தெரேசாளைப் பற்றியும் கர்தினால் நியூமனைப் பற்றியும் அன்போடு புத்தகம் எழுதினார். பழைய ஏற்பாட்டு ஆய்வுக்காகப் பேராசிரியர் ராபர்ட்சன் ஸ்மித்தை ஃப்ரீ சர்ச் 1881இல் பதவி நீக்கியபோது அவர் பக்கம் நின்று பேசினார். அவர் குடியிருந்த வீடுதான் இந்த ஒப்பாய்வில் எனக்குக் கிடைத்த பெரும் வியப்பு. சார்லட் சதுக்கம் 7ஆம் எண். ஷாண்ட்விக் பிளேஸ் பீடத்தில் பிரசங்கம் செய்துவிட்டு அவர் வீடு திரும்பும் சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தை நிறைத்து நின்றது தாய்வீடான பழைய செயின்ட் ஜார்ஜின் குவிமாடம். வெளியேறிய சபையின் போதகர், தங்கிய சபையின் முற்றத்திலேயே குடியிருந்தார். பாரசீகத்தில் தோன்றிய பஹாய் சமயத்தின் தலைவர் அப்துல் பஹா 1913 ஜனவரியில் விருந்தினராகத் தங்கியதும் அந்த வீட்டில்தான். அது இப்போது ‘ஜார்ஜியன் ஹவுஸ்’ அருங்காட்சியகம். நடுவில் பல ஆண்டுகள் அதன் மேல்தளங்கள், ஸ்காட்லாந்துத் திருச்சபை மாடரேட்டரின் அதிகாரபூர்வ இல்லமாக இருந்தன.

கொள்கைகளின் பாதையிலும் இப்படிப்பட்ட குறுக்கு நடை உண்டு. 1843இல் வெளியேறியவர்கள், அரசு திருச்சபையை ஆதரிப்பது தவறு என்று சொல்லவில்லை. ஆதரிக்கும் அரசு உள்ளே கைநீட்டக் கூடாது என்றுதான் சொன்னார்கள். தங்கியவர்களோ புரவலர் உரிமையைச் சகித்துக்கொண்டார்கள். 1874இல் நாடாளுமன்றம் அந்த உரிமையை ஒழித்தது. பிரிந்தவர்கள் கேட்டதைப் பெற்றுக்கொண்டவர்கள் பிரியாதவர்கள். அப்படியானால் திரும்பி வந்திருக்கலாமே? அதற்குள் பிரிந்தவர்களின் பெரும்பான்மை இன்னொரு படி தள்ளிப் போயிருந்தது. திருச்சபைக்கு அரசு அங்கீகாரமே கூடாது என்று இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1900இல் ஃப்ரீ சர்ச், அதே எண்ணம் கொண்ட யுனைடெட் பிரஸ்பிட்டேரியன் சபையோடு இணைந்து யுனைடெட் ஃப்ரீ சர்ச் ஆனது. ஷாண்ட்விக் பிளேஸ் சபையும் கூடவே போனது.

இணைய மறுத்த சிறுபான்மையினர், பெரும்பாலும் ஹைலேண்ட்ஸ்காரர்கள், வழக்கு போட்டார்கள். 1904 ஆகஸ்டில் பிரபுக்கள் அவை ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: மூலக் கொள்கையை விட்டு விலகியவர்கள் பெரும்பான்மையினர், ஆகவே ஃப்ரீ சர்ச்சின் சொத்து முழுவதும் சிறுபான்மைக்கே. மறு ஆண்டு நாடாளுமன்றம் தலையிட்டு ஆணையம் அமைத்துச் சொத்தைப் பகிர்ந்தது. 1843இல் பிரிந்ததற்காகச் சொத்தை இழந்தவர்கள், 1900இல் சேர்ந்ததற்காக அதை இழக்கப் பார்த்தார்கள். இம்முறை நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி ஒன்றே. ஒரு சபை தன் மனத்தை மாற்றிக்கொண்டால் அது அதே சபைதானா? நீதிமன்றம் இல்லை என்றது.

அந்த அனுபவமே இருபக்கத்தையும் நெருக்கியது என்று நினைக்கிறேன். பழைய திருச்சபை, 1921இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம், ஆன்மிகக் காரியங்களில் தன் சுதந்திரத்துக்கு அங்கீகாரம் பெற்றது. 1843இல் வெல்ஷ் மேசைமேல் வைத்த கோரிக்கையின் சாரம் அதுதான். 1929 அக்டோபரில் இரண்டு திருச்சபைகளும் ஒன்றாயின. இனி ஒரே திருச்சபைக்குள் ஐந்தாறு நிமிட நடையில் இரண்டு செயின்ட் ஜார்ஜ்கள் எப்படி இருப்பது? ஷாண்ட்விக் பிளேஸ் சபை ‘செயின்ட் ஜார்ஜ் வெஸ்ட்’ ஆயிற்று. இருவரும் தத்தம் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள்.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கொள்கை பிரித்து வைத்திருந்தது 86 ஆண்டுகள், 1843 முதல் 1929 வரை. கொள்கை வேறுபாடு எதுவும் மீதி இல்லாமல் பிரிந்திருந்தது 81 ஆண்டுகள், 1929 முதல் 2010 வரை. இரண்டாவது காலத்தில் அவர்களைப் பிரித்தது இருக்கையின் பழக்கம், சொந்தப் பாடகர் குழு, தாத்தா மூப்பராக இருந்த ஆலயம். இவை அற்பக் காரணங்கள் அல்ல. நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இணையான ஆயுள் இவற்றுக்கு இருந்திருக்கிறது.

சேர்த்துவைத்தது இறையியல் அல்ல, பராமரிப்புச் செலவு. 1960களின் தொடக்கத்தில் சார்லட் சதுக்கத்துக் குவிமாடத்தைத் தாங்கிய மர அமைப்புகள் பழுதாகி, செலவு சபையின் கைக்கு மீறியது. தங்கியவர்கள் தங்கிய இடத்தை விட்டு வெளியேறினார்கள். 1964இல் ஜார்ஜ் தெருவின் மறுகோடியில் செயின்ட் ஆண்ட்ரூ சபையோடு இணைந்தார்கள். கிரெய்க் எதிரெதிரே வைத்த இரண்டு புனிதர்களும் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். வெளியேறியவர்களோ ஷாண்ட்விக் பிளேஸில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். அவர்களுக்கும் கூட்டம் குறைந்து கட்டடம் பாரமானபோது, 2010இல், அவர்கள் வந்து சேர்ந்த இடமும் அதே செயின்ட் ஆண்ட்ரூ ஆலயம். வெல்ஷும் சால்மர்ஸும் எந்த வாசலைத் தாண்டி நடந்தார்களோ, அந்த வாசல் வழியாகவே 167 ஆண்டுகளுக்குப் பின் கேண்ட்லிஷின் சபை உள்ளே வந்தது. ஒருங்கிணைந்த சபைக்கு ‘செயின்ட் ஆண்ட்ரூ, செயின்ட் ஜார்ஜ் வெஸ்ட்’ என்று பெயரிட்டார்கள். மேற்கு என்ற அடையாளத்தோடு ஒரு சபை, தெருவின் கிழக்குப் பாதியில்.

ஷாண்ட்விக் பிளேஸ் ஆலயத்தைச் சார்லட் சேப்பல் என்ற பாப்டிஸ்ட் சபை வாங்கிக் குடியேறியது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையே ஏற்காதவர்கள் இப்போது பிரைஸின் கூரையின்கீழ் பாடுகிறார்கள். வைட் இதற்கு வருந்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜார்ஜ் தெருச் சபையோடு 2024இல் கிரீன்சைடு சபையும் சேர்ந்தது. அதற்கு இன்று ‘நியூ டவுன் சர்ச்’ என்று பெயர். ஆண்ட்ரூவும் இல்லை, ஜார்ஜும் இல்லை.

சார்லட் சதுக்கத்துக் குவிமாடக் கட்டடம் இடிபடவில்லை. அரசு அதை எடுத்துப் பழுதுபார்த்து, வெஸ்ட் ரெஜிஸ்டர் ஹவுஸ் என்ற பெயரில் தேசிய ஆவணக்காப்பகத்தின் கிளையாக்கியது. அந்தக் காப்பகத்தின் அட்டவணையில் திருச்சபைப் பதிவேடுகளுக்குத் தனித்தனி வரிசைகள் உண்டு. பழைய திருச்சபையின் சபைகளுக்கு ‘சிஎச் 2’. பிரிந்துபோய்ப் பின்னர் திரும்பிய சபைகளுக்கு ‘சிஎச் 3’. இரண்டு செயின்ட் ஜார்ஜ்களின் மூப்பர் மன்றக் குறிப்பேடுகளைச் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர் இன்றைக்கும் இரண்டு வரிசைகளிலும் தேடித்தான் எடுக்க வேண்டும்.